ஒத்திகைக்காரரும் ஒரு நிஜக் கசிவும்

“கிளம்பியாச்சு. படகு கிளம்பியாச்சு” என்று அவர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது மணி பதினொன்றரை. படகுத்துறையின் முனையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். எதிரே கடல் காலியாக இருந்தது.

அக்கரை வேறு நாடு. நடுவில் இருக்கும் கடலைக் கடக்க ஐம்பது நிமிடம் போதும். ஒன்பது நாற்பதுக்கே படகு புறப்பட்டுவிட்டதாக அக்கரை அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. அதில் நேரம் இருந்தது, வரிசை எண் இருந்தது, முத்திரை இருந்தது. படகுதான் இல்லை.

“எழுத்துல குடுத்திருக்காங்க” என்றார் அவர், தாளைக் கடலுக்கே காட்டுவதுபோல உயர்த்திப் பிடித்து.

“எழுத்து வந்து எண்ணெய அள்ளுமா சார்” என்றார் இழுவைப் படகு ஓட்டுபவர்.

மூன்றாமவர் கழிமுகத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கழிமுகத்தில் பதினோரு கூண்டுகளில் மீன் வளர்க்கும் பெண் அவர். துறைமுகத்தில் எல்லோருக்கும் கூண்டுக்கார அக்கா. அன்று காலை எட்டு மணிக்கு ஒரு சரக்குக் கப்பல் மணல்திட்டில் உரசி, எரிபொருள் தொட்டியில் கீறல் விழுந்து, கறுப்பு எண்ணெய் கடலில் இறங்கத் தொடங்கியிருந்தது. நாலு மணிக்குக் கடல் ஏறும். ஏறும் கடல் நேராகக் கழிமுகத்துக்குள் போகும். எண்ணெய் தனியாக வேறு வழியில் போகப்போவதில்லை. கூண்டில் இருப்பது எட்டு மாதமாகத் தீனி போட்டு வளர்த்த மீன். பிடிப்பதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அவரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரிந்திருக்காது, இனம் தெரியும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒத்திகைக்காரர். பதவிப் பலகையில் வேறு மாதிரி எழுதியிருக்கும். இவருடைய பலகையில் ‘எல்லை கடந்த எண்ணெய்க் கசிவுத் தடுப்பு மற்றும் கூட்டு நடவடிக்கை ஒருங்கிணைப்பாளர்’ என்று எழுதியிருந்தது. பலகைக்கு இடம் போதாததால் கதவை மாற்றினார்கள்.

ஒத்திகைக்காரர் சோம்பேறி அல்ல. அந்தத் தவற்றைச் செய்துவிடாதீர்கள். அவர் ஏழரைக்கு அலுவலகம் வருவார். கழுத்தில் விசில் தொங்கும், நாற்காலியின் முதுகில் ஒளிரும் மேற்சட்டை காத்திருக்கும், மேசையில் மூன்று நிறப் பேனாக்கள் நீளவாக்கில் கிடக்கும், சுவரில் கடலின் வரைபடமும் அதன்மேல் காந்தத்தால் ஒட்டிய சிறு படகுகளும் இருக்கும், அந்தப் படகுகளை வாரத்துக்கு ஒருமுறை துணியால் துடைப்பார். பயிற்சி என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பசிக்காது. எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார், அதற்கு எத்தனை விநாடி கழித்து யார் என்ன பதில் சொன்னார், இடையில் யார் தும்மினார், எல்லாம் எழுதப்படும். ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் தடங்கலில்லாமல் சொல்வார். ஆபத்து வந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். எந்த ஆபத்து, எத்தனையாவது ஆபத்து, அட்டவணையில் இல்லையே என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்தார். மனைவி, மகள், மைத்துனர் எல்லோரும் வரிசையாக வாசலில் நிறுத்தப்பட்டார்கள்.

“அடுப்புல பால் இருக்குங்க” என்றார் மனைவி.

“பயிற்சி நடக்கும்போது பால் பத்திப் பேசக் கூடாது.”

“நான் பேசல. அதுதான் பேசுது, கேளுங்க.”

பால் பொங்கி அடுப்பை அணைத்து, வாயு கசிந்து, மைத்துனர் ஓடிப்போய் மூடினார். வரிசையை விட்டு விலகியதற்காக மைத்துனருக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது.

அக்கரையிலும் ஒருவர் இருக்கிறார். இருக்காமல் எப்படி? இந்த இனம் ஜோடியாகத்தான் வாழும். அதே மேற்சட்டை, அதே விசில், அதே காந்தப் பலகை. எட்டு வருடங்களுக்கு முன் இரண்டு நாடுகளும் கடலில் எண்ணெய் கொட்டினால் சேர்ந்து அள்ளுவது என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒப்பந்தத்தின் சிறப்பு என்னவென்றால், சாமான்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எண்ணெய் பரவாமல் வளைத்து நிறுத்தும் மிதவை வேலி இக்கரையில். வளைத்த எண்ணெயை அள்ளும் படகு அக்கரையில். இப்படிப் பிரித்தால்தான் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுவோம், தேவைப்பட்டால்தான் நட்பு வளரும் என்று யாரோ பேசியிருக்கிறார். கைதட்டலும் வாங்கியிருக்கிறார். அதன்படி இக்கரை எண்ணெயை வளைத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். அக்கரை, வளைக்காத எண்ணெயின் பின்னால் ஓடலாம்.

நட்பு வளர்ந்தது. இரண்டு ஒருங்கிணைப்பாளர்களும் ஒருவரை ஒருவர் அண்ணே என்பார்கள். யார் மூத்தவர் என்ற கேள்வி கூட்டுக்குழுவின் முன் இன்னும் வரவில்லை. எட்டு வருடங்களில் இருபத்திரண்டு பயிற்சிகள் நடந்திருக்கின்றன. பாதி மேசைப் பயிற்சி, அதாவது காந்தப் படகுகளை நகர்த்துவது. பாதி களப் பயிற்சி. அதில் நிஜப் படகுகள் வரும், எண்ணெய்க்குப் பதிலாகக் கடலில் பாப்கார்ன் கொட்டப்படும், அது மிதந்து பரவும், அதை வளைத்து அள்ளுவார்கள், பிறகு குழுப் படம். அதிகாரிகள் படத்துக்கு வரிசை கட்டும் நேரத்தில் இக்கரையின் இழுவைப் படகுக்காரரும் அக்கரையின் அள்ளும் படகுக்காரரும் ஓர் ஓரமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள், இயந்திரத்துக்கு வேண்டிய வாரையோ வால்வையோ மாற்றிக்கொள்வார்கள், மாப்ளே மாப்ளே என்று பேசிக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லை. குறிப்பேட்டிலும் இல்லை.

இப்போது அந்தக் காலைக்கு வாருங்கள்.

இழுவைப் படகுக்காரர் யார் சொல்லுக்கும் காத்திராமல் எட்டே முக்காலுக்கெல்லாம் வேலியை இழுத்துப்போய்க் கப்பலைச் சுற்றி வளைத்துவிட்டார். ஒருங்கிணைப்பாளர் அலுவலகத்தில் படிவத்தை எடுத்தார். உதவி கேட்கும் படிவம் என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டது ஒன்றுதான். அதன் தலைப்பில் சிவப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும்: ‘பயிற்சி – பயிற்சி – பயிற்சி’. அழகான கையெழுத்தில் நிரப்பினார். அனுப்பினார். அனுப்பியதைத் தொலைபேசியிலும் முழுதாக வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசித்தார், தலைப்பிலிருந்து தொடங்கி.

பதினோராவது நிமிடம் அதே தலைப்போடு பதில் வந்தது. போன முறை பதினாலு நிமிடம். அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? முதல் முறையாக உண்மையான எண்ணெய் கொட்டியிருக்கிறது, அதில் மூன்று நிமிடம் மிச்சம்.

அதனால்தான் மூன்று பேரும் படகுத்துறையில் நின்றார்கள். பதினொன்றரைக்கு மேல் பொறுக்க முடியாமல் இழுவைப் படகுக்காரர் தன் கைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அக்கரைப் படகுக்காரரை அழைத்தார்.

“மாப்ளே, எங்க வந்துட்டிருக்கே?”

“எங்க வர்றது? இயந்திரத்துக்கு அடியில படுத்திருக்கேன். வடிகட்டி மாத்துறேன்.”

“படகு கிளம்பிடுச்சுன்னு இங்க தாள் வந்திருக்கே.”

“ஆமா, கிளம்புச்சு. எங்க சார் பலகையில. காந்தத்தை அவரே நகர்த்திட்டு வந்தார். நீங்க இன்னும் அங்கேயா நிக்கிறீங்க? உங்க எண்ணெயெல்லாம் பத்து அம்பதுக்கே அள்ளியாச்சே.”

ஒருங்கிணைப்பாளரின் சட்டைப் பையில் அவருடைய கைபேசி முனகியது. எடுத்துப் பார்த்தார். ‘எண்ணெய் முழுமையாக அகற்றப்பட்டது. இரு தரப்புக்கும் பாராட்டுகள்.’

காற்று இக்கரைப் பக்கம் திரும்பியது. எண்ணெயின் நாற்றம் வந்தது.

“தலைப்பு அச்சிலேயே வருது” என்றார் ஒருங்கிணைப்பாளர், யாரும் கேட்காமலே.

“அடிக்க வேண்டியதுதானே சார் ஒரு கோடு, பேனாவால?”

“கூட்டுப் படிவம்பா. ஒரு தரப்பு மட்டும் கோடு போட முடியாது.”

அவர் அக்கரை ஒருங்கிணைப்பாளரை அழைத்தார். நாக்கு எத்தனையோ பயிற்சிகளில் எத்தனையோ சொற்களைச் சொல்லிப் பழகியிருந்தது. வேண்டிய ஒரு சொல் மட்டும் அதற்குப் பழக்கமில்லை.

“அண்ணே, இன்னிக்குப் பயிற்சியில உண்மைத்தன்மை கொஞ்சம் ஜாஸ்தி.”

“அபாரம் அண்ணே. நானும் அறிக்கையில அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“இல்லண்ணே. இது வந்து, பயிற்சியோட எல்லையத் தாண்டி...”

இழுவைப் படகுக்காரர் கைபேசியின் பக்கம் குனிந்தார். “சார், எண்ணெய் சார். கறுப்பு. நாறுது.”

அக்கரையில் நாற்காலி ஒன்று நகரும் ஒலி கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது. “அப்ப அது வேற படிவமாச்சேண்ணே.”

“வேற படிவம் இன்னும் வரைவுலதானே இருக்கு.”

இருந்தது. நிஜக் கசிவுக்கான படிவம் ஆறு வருடங்களாக வரைவில் இருந்தது. எந்த நாட்டின் பெயர் முதலில் வருவது என்பதில் நின்றிருந்தது. படிவம் இல்லாமல் நிஜம் என்று ஆகிவிட்டால், அள்ளும் படகு எல்லைக் கோட்டைத் தாண்ட இரண்டு தலைநகரங்களும் அனுமதிக்க வேண்டும். அதற்கு எழுபத்திரண்டு மணி நேரம். இரண்டு அண்ணன்களும் இதை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொன்னார்கள், விதி எண்களோடு, ஒரே நேரத்தில். மணி பன்னிரண்டு அடித்தது.

அப்போதுதான் அக்கா பேசினார்.

“ஏன் சார், போன தடவை படகெல்லாம் வந்துச்சே?”

“எப்பம்மா?”

“என் கூண்டுகிட்ட வந்து மூட்டை மூட்டையா பாப்கார்ன் கொட்டினீங்களே. என் மீனெல்லாம் அதத் தின்னுட்டு மூணு நாள் தீனி தொடலையே. அப்ப அந்தப் படகு நிஜமாத்தானே வந்துச்சு? தலைநகரத்துல கேட்டா வந்துச்சு?”

“அது களப் பயிற்சிம்மா. அதுக்கு அனுமதி வேணாம். ஒருங்கிணைப்பாளர் ரெண்டு பேரும் சம்மதிச்சாப் போதும்.”

“அப்ப அதையே பண்ணுங்களேன்.”

“இது பயிற்சி இல்லையேம்மா.”

“உங்க தாளுல அப்படித்தானே போட்டிருக்கு சார்.”

ஒருங்கிணைப்பாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தலைப்பைப் பார்த்தார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை வாசித்தார். அது மூன்று முறைதான் எழுதியிருந்தது. பிறகு மேற்சட்டையின் பித்தானை மேலிருந்து கீழாகப் போட்டார். நிமிர்ந்தார். கைபேசியில் பேசிய குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

“அண்ணே, விதி ஒன்பது. முன்னறிவிப்பில்லாக் களப் பயிற்சி. நான் கோருகிறேன்.”

“நான் சம்மதிக்கிறேன் அண்ணே” என்றது அக்கரை. தேர்வில் தெரிந்த கேள்வி வந்துவிட்டவரின் குரல்.

இயந்திரத்துக்கு அடியில் இருந்தவர் எப்படி வெளியே வந்தார், வடிகட்டியை எப்படி மாட்டினார் என்பதெல்லாம் எந்தக் குறிப்பிலும் இல்லை. பன்னிரண்டு இருபதுக்கு அள்ளும் படகு கிளம்பியது. ஒன்று பத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த முறை கடல் காலியாக இல்லை.

அடுத்த மூன்று மணி நேரம் அவரைப் பார்த்திருக்க வேண்டும். நான் இவ்வளவு நேரம் கேலி செய்தவர்தான். இழுவைப் படகின் முன்புறம் விசிலோடு நின்று, வேலியின் ஒரு முனையைத் தளர்த்து, மறுமுனையை இழு, இயந்திரத்தை மெதுவாக்கு, இப்போது நிறுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எண்ணெயை ஒரு மூலைக்கு ஒதுக்கி, அந்த மூலையில் அள்ளும் படகின் வாயைக் கொண்டுவந்து வைத்தார். வேலியின் மூன்றாவது இணைப்பில் இடைவெளி விழும் என்று அவருக்குத் தெரியும். களத்தில் இறங்கிய பதினோரு முறையும் அங்கேதான் விழுந்தது, பாப்கார்ன் அங்கேதான் தப்பியது. இடைவெளி விழுவதற்கு முன்பே ஒரு கயிற்றை அங்கே கட்டச் சொல்லியிருந்தார். எண்ணெய் வந்து முட்டியது. நின்றது.

இதற்காக அவர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

“யாராவது ஒருத்தர் காயம்படணும்” என்றார் ஒன்றே முக்காலுக்கு, பட்டியலைப் பார்த்து. “களப் பயிற்சின்னா காயமடைந்தவர் ஒருத்தர் இருக்கணும். விதி. நீ படுத்துக்கோப்பா.”

“வேலை கிடக்கு சார்” என்றார் இழுவைப் படகுக்காரர், சுக்கானை விடாமல். “சாயந்திரமா காயப்படறேன்.”

அக்கரை ஒருங்கிணைப்பாளர் அள்ளும் படகிலேயே வந்திருந்தார். முழங்கை வரை கறுப்பு. இரண்டு படகுகளும் அருகில் வந்தபோது கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, தொட்டியில் நிரம்பும் குழம்பை மரியாதையோடு பார்த்தார்.

“அண்ணே, இந்தத் தடவை பொருள் பிரமாதம். அசல் மாதிரியே இருக்கு. எங்க வாங்கினீங்க?”

“உள்ளூர் ஏற்பாடுதாண்ணே.”

“நாற்றம்கூடப் போட்டிருக்கீங்க.”

“முடிஞ்சத செய்யுறோம்.”

இருவருக்கும் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள இருவருக்கும் அதிகாரமில்லை. இரண்டு படகுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க ஒருவர் சுக்கானையும் மற்றவர் குழாயையும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று நாற்பதுக்கு ஒருங்கிணைப்பாளர் நீண்ட விசில் ஊதினார். பயிற்சி முடிந்தது என்று அர்த்தம்.

“முடியல” என்று கரையிலிருந்து அக்கா கத்தினார். “அந்தப் பக்கம் இன்னும் கிடக்கு.”

அவர் அக்கா காட்டிய பக்கம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அட்டவணைப்படி முடியும் நேரம் அதுதான். எட்டு வருடங்களில் எந்தப் பயிற்சியும் ஒரு நிமிடம் தாண்டியதில்லை. விசிலை மறுபடி வாயில் வைத்தார். எடுத்தார். முடிந்த பயிற்சியைத் தொடரச் சொல்லும் விசில் எத்தனை முறை ஊதப்பட வேண்டும் என்று விதியில் இல்லை. கடைசியில் கையை மட்டும் ஆட்டினார், வா வா என்று, பேருந்தைக் கூப்பிடுபவரைப் போல. படகுகள் அந்தப் பக்கம் திரும்பின.

நாலு மணிக்குக் கடல் ஏறியது. வேலிக்கு வெளியே தப்பிய ஒரு மெல்லிய படலம், ஓர் அடி அகலத்துக்குப் பல நிறமாக மினுங்கிக்கொண்டு, கழிமுகத்துக்குள் போனது. வெளிப்புறம் இருந்த இரண்டு கூண்டுகளைத் தொட்டது. மற்ற ஒன்பதுக்கும் போய்ச் சேரவில்லை. அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு கூண்டாக விரலை விட்டு, முகர்ந்து, எண்ணினார்.

குழுப் படத்துக்கு அழைத்தார்கள். வரவில்லை.

இவ்வளவு தூரம் படித்து, இடையிடையே சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் கைபேசியில் எழுதி அனுப்பாமல் கிடக்கும் செய்தி எத்தனை? மேலதிகாரியிடம் சொல்ல வேண்டிய அந்த மூன்று வாக்கியங்களைக் குளியலறைக் கண்ணாடிக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள், கண்ணாடி என்ன பதில் சொன்னது? பேச்சு நின்றுபோன அண்ணனைப் பார்த்தால் முதலில் என்ன பேசுவது, அவர் இப்படிச் சொன்னால் நாம் எப்படிச் சொல்வது என்று எவ்வளவு நேர்த்தியாகத் தயாராக இருக்கிறீர்கள். காலையில் ஓடுவதற்கென்று வாங்கிய காலணி இன்னும் அட்டைப் பெட்டியில் நன்றாகத்தானே இருக்கிறது? தயார் நிலையில் உங்களை மிஞ்ச ஆளில்லை. எதற்கும் ஒருமுறை கழுத்தைத் தடவிப் பாருங்கள். விசில் தட்டுப்பட்டால் பதற வேண்டாம். பக்கத்தில் கூண்டு வைத்திருக்கும் யாராவது இருந்தால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா கூண்டுகளைத் திறந்தார். வெளிப்புற இரண்டு கூண்டுகளின் மீனைத் தனியாகப் பிரித்துக் குழியில் கொட்டி மூடினார்கள். ஒன்பது மணிக்கு ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்து, மற்ற கூண்டுகளிலிருந்து கூண்டுக்கு மூன்று என்று மீன் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். பத்தரைக்கு அலுவலகத்தில் மதிப்பாய்வுக் கூட்டம் நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண் என்று முடிவானது. கசிவு எதுவும் பதிவாகவில்லை. மதியம் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது: ஒன்பது கூண்டு மீனும் சுத்தம், விற்கலாம். அக்கா காலியான இரண்டு கூண்டுகளையும் கரைக்கு இழுத்து, வலையைக் கழற்றித் தேய்த்துக் கழுவினார். புது மீன்குஞ்சுக்குச் சொல்லி வைத்தார். வர இருபது நாள் ஆகும் என்றார்கள்.